பூஜையில் வைத்த பியானோ

லிஃப்டில் என்னைப் பிடித்துக்கொண்டு, "கொழந்தையைப் பியானோ க்ளாஸ்ல சேக்கலாம்னு இருக்கோம், நீங்க என்ன சொல்றேள்?" என்று யாராவது கேட்டால் எனக்குச் சுர்ரென்று கோபம் வருகிறது. கேட்பவர்கள்மேல் இல்லை. நான் சேர்த்தபோது எனக்கு யாரும் எதுவும் சொல்லவில்லையே என்றுதான். எந்த மிஸ் நல்லவர், எந்தக் கடையில் வாங்கலாம் என்றெல்லாம் ஊரே சொல்லும். தினமும் சாயங்காலம் வீட்டுக்குள் என்ன நடக்கும் என்று மட்டும் ஒருத்தர் வாயைத் திறக்கமாட்டார்.

நாங்கள் மயிலாப்பூரிலிருந்து ராஜா அண்ணாமலைபுரத்துக்கு வந்தவர்கள். எங்கள் குடும்பத்தில் எதையும் விஜயதசமியில்தான் ஆரம்பிப்போம். அன்று ஆரம்பித்தால் வித்தை ஒட்டிக்கொள்ளுமாம். குழந்தைக்குப் பிடிக்கிறதா என்று நாலு நாள் பார்க்கலாமே என்றால், நாள் தப்பிவிடும் என்பார்கள். அப்புறம் நிறுத்தவும் முடியாது. விஜயதசமியில் ஆரம்பித்ததை யாராவது நிறுத்துவார்களா? என் பெண்ணுக்கு அப்போது ஏழு வயது. பியானோ கற்றுக்கொள்கிறாயா என்று கேட்டேன், தலையாட்டினாள். ஏழு வயதில் எதற்குத்தான் தலையாட்டமாட்டார்கள்?

முதலில் கீபோர்டு வாங்கினோம். தி.நகர் கடைக்காரர், "கொழந்தைக்கு இது போதும் மேடம். நாய் கொலைக்கிற சவுண்டுகூட இதுல கீது" என்று பட்டனை அழுத்திக் காட்டினார். ஒரு மாதம் அவள் அந்த நாயை மட்டும்தான் வாசித்தாள். ஆழ்வார்பேட்டையில் இருக்கும் மிஸ்ஸுக்கு அவள் கையைப் பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. "விரல் தடவுது, அழுத்தவே மாட்டேங்குது. வீட்ல என்ன வெச்சிருக்கீங்க, விளையாட்டு சாமானா?" என்றார். பியானோவின் கட்டை கனமாக இருக்கும், அழுத்தி அழுத்தித்தான் விரலுக்குத் தெம்பு வரும், கீபோர்டில் அது வராது என்றார். முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று கேட்டேன். "நீங்க எங்க கேட்டீங்க? வாங்கிட்டு வந்துதானே சொன்னீங்க" என்றார். வாயை மூடிக்கொண்டு கனமான கட்டை வைத்த டிஜிட்டல் பியானோ ஒன்றை வாங்கிப் போட்டோம். கூடத்தில் பாதியை அது அடைத்துக்கொண்டது.

மிஸ்ஸின் வீட்டு வாசலில் செருப்புகளுக்குப் பக்கத்தில் காத்திருக்கும் பெற்றோர்களைப் பற்றித் தனியாகத்தான் எழுத வேண்டும். "உங்க பொண்ணு எந்த கிரேடு?" என்பதுதான் அங்கே நலம் விசாரிப்பு. ஒரு கிரேடை விட்டுத் தாண்டிப் பரீட்சை எழுதவைத்தால் மார்பு விரியும். பரீட்சைக்கு மூன்றே பாட்டு. வருஷம் முழுக்க அந்த மூன்றைத்தான் குழந்தைகள் தேய்த்தார்கள். எங்கள் வாட்ச்மேனுக்கே மூன்றும் மனப்பாடம். பிறந்தநாள் விழாவில் யாராவது, "கேக் வெட்டறா, ஒரு பாட்டு வாசிம்மா" என்றால் என் பெண் திருதிருவென்று விழிப்பாள். சான்றிதழ் மட்டும் கண்ணாடிக்குள் தொங்கியது.

ஆனால் என்னைப் பாடாய்ப் படுத்தியது இதெல்லாம் இல்லை, அந்தத் தினசரி அரை மணி நேரம்தான். ஐந்தரைக்குக் கூப்பிட்டால் தண்ணீர் வேண்டும் என்பாள். பிறகு பாத்ரூம். பிறகு ஸ்டூல் உயரமாக இருக்கிறது, தாழ்வாக இருக்கிறது. பிறகு சுண்டுவிரல் வலி. நான் கரடியாய்க் கத்தி, கெஞ்சி, ஐஸ்கிரீம் ஆசை காட்டி உட்காரவைத்தால், ஒரு கண் பியானோமேல், ஒரு கண் கடிகாரத்தின்மேல். அரை மணி ஆனதும் பாட்டின் நடுவிலேயே கையை எடுத்துவிட்டுக் குதித்து ஓடுவாள். பாதியில் நின்ற அந்தப் பாட்டு என் காதுக்குள் ராத்திரிவரைக்கும் நமநமக்கும். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டேன் என்று என்னையே திட்டிக்கொள்வேன்.

ஒரு நாள் தாங்கமுடியாமல் மிஸ்ஸிடம் அழாத குறையாகச் சொன்னேன். அவர் சாந்தோம்காரர். சின்ன வயதிலிருந்தே மாதா கோயிலில் பூசைக்கு ஆர்கன் வாசித்தவர், எதையும் சர்க்கரை தடவிச் சொல்லமாட்டார். "ஒரு நாள் யாரும் சொல்லாம அவளா போய் உக்காருவா. அன்னிக்குத்தான் க்ளாஸ் ஆரம்பம். அது வரைக்கும் நீங்களும் நானும் சும்மா தள்ளிக்கிட்டு இருக்கோம், அவ்வளவுதான்" என்றார். உட்காரவே இல்லை என்றால்? "அப்ப விட்டுடுங்க" என்றார், ஏதோ துணி காயவில்லை என்பதுபோல.

அன்றிலிருந்து எனக்கு அது ஒன்றுதான் கவலை. கிரேடு வேண்டாம், சான்றிதழ் வேண்டாம். ஒரே ஒரு தடவை அவளாகப் போய் உட்காரவேண்டும். வந்த நாளெல்லாம் பார்த்தேன். ம்ஹூம்.

அப்புறம் சரஸ்வதி பூஜை வந்தது. அன்று புத்தகத்தையும் வாத்தியத்தையும் பூஜையில் வைத்துவிட்டால், மறுநாள் காலைப் பூஜை முடிகிறவரை தொடக் கூடாது. படிக்கவும் கூடாது, வாசிக்கவும் கூடாது. பியானோவைத் தூக்கிப் பூஜை அறைக்குக் கொண்டுபோக முடியாதே, அதனால் கூடத்திலேயே மூடியைச் சாத்தி, பட்டுத்துணி போர்த்தி, சந்தனம் குங்குமம் வைத்து, ஒரு முழம் மல்லிகையும் சாத்தினோம். அப்பாடா, இன்றைக்கு ஒரு நாள் சண்டை இல்லை என்று நிம்மதியாகச் சமையலறையில் வடை தட்டிக்கொண்டிருந்தேன்.

கூடத்திலிருந்து பியானோ சத்தம் கேட்டது.

பரீட்சைப் பாட்டு இல்லை. இடது கை இரண்டே ஸ்வரங்களை மாற்றி மாற்றி அழுத்த, வலது கை எதையோ தேடிக்கொண்டு மேலே போனது. தப்பியது. நின்றது. திரும்பப் போய் அந்த இடத்தை மட்டும் மறுபடி வாசித்துப் பார்த்தது. தப்பைத் திருத்து என்று நான் எத்தனை நாள் தொண்டை கிழியக் கத்தியிருப்பேன்! அடுப்பை அணைத்துவிட்டுப் போய் நிலைப்படியில் நின்றேன். பூவையும் துணியையும் பத்திரமாக ஓரத்தில் எடுத்து வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். கடிகாரத்தைப் பார்க்கவே இல்லை.

"ஐயையோ! என்னடி பண்றே?" கோடம்பாக்கத்திலிருந்து பூஜைக்கு வந்திருந்த என் நாத்தனார் பால்கனியிலிருந்து பாய்ந்து வந்தார். "பூஜைல வெச்சதை யாராவது தொடுவாளோ! எடு கையை!"

குழந்தை சூடு பட்டதுபோல் கையை இழுத்துக்கொண்டது. எனக்கு வந்ததே கோபம்!

"நீங்க சும்மா இருங்கோக்கா. வருஷம் பூரா கெஞ்சறேன், உக்காரமாட்டேங்கறா. இன்னிக்கு அவளா உக்காந்துண்டிருக்கா. சரஸ்வதிக்கு இதுல என்ன கோவம்?"

"நன்னா இருக்கு. நல்ல நாளும் அதுவுமா நீயே இப்படிப் பேசினா ஆத்துல எது வெளங்கும்?" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு உள்ளே போனார். போகட்டும் என்று விட்டேன். ஸ்டூலுக்குப் பக்கத்தில் போய்க் குந்தி, என்னால் முடிந்த அளவு குரலைக் குழைத்துக்கொண்டு சொன்னேன்.

"நீ வாசிடா கண்ணா. அம்மா சொல்றேன் இல்லையா, ஒண்ணும் ஆகாது. ஒரு அரை மணி வாசி."

அவள் என்னையே பார்த்தாள். பிறகு மூடியைச் சாத்தி, துணியைப் போர்த்தி, மல்லிகையை இருந்த இடத்திலேயே வைத்தாள்.

"ஏண்டி, இப்பத்தானே அவ்வளவு நன்னா வாசிச்சிண்டிருந்தே?"

"அப்ப நீ சொல்லலையேம்மா."