வாசனைக் கஞ்சி இன்றைக்கு யாருக்கு?

ஆஸ்பத்திரிச் சமையல்காரனின் தொழிலில் பாராட்டு என்று ஒன்று கிடையாது. "உப்பே இல்லையே" என்று ஒரு நோயாளி சண்டைக்கு வந்தால், ஆள் பிழைத்துக்கொள்வார் என்று சந்தோஷப்பட்டுக்கொள்ள வேண்டியதுதான். வாய் பேசாமல் குடித்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுப்பவர்களைக் கண்டால்தான் எனக்குப் பயம். உங்களில் ஆஸ்பத்திரிக் கஞ்சியில் அடிபட்டவர்களுக்கு இதெல்லாம் நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. நீங்கள் கட்டிலில் கிடந்து அனுபவித்ததை நான் அடுப்படியில் நின்று அனுபவித்தேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

புதுக்கோட்டையில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி அது. ஐம்பதுகளில் நடந்த கதை. ஒரே நீளக் கூடம்; நடுவில் ஒரு தட்டி கட்டி, இந்தப் பக்கம் ஆண்கள், அந்தப் பக்கம் பெண்கள். நான் பிறவிப் பயந்தாங்கொள்ளி. தெருவில் சங்கு ஊதினால் கதவைச் சாத்திக்கொள்கிற ஆள். எனக்குப் போய் அந்த இடத்தில் வேலை கிடைத்ததை என்னவென்று சொல்வது?

முதல் டம்ளர்

அந்தச் சமயம் எங்கு பார்த்தாலும் நெல் அரைக்கும் மெஷின் வந்துகொண்டிருந்தது. மல்லிகைப்பூ மாதிரி வெள்ளை வெளேரென்று அரிசி தின்பது ஒரு கௌரவம். எங்கள் டாக்டரம்மாவுக்கு அந்த அரிசியைக் கண்டாலே ஆகாது. "சத்தெல்லாம் தவிட்டோட மாட்டுக்குப் போயிடுது, மனுசனுக்குச் சக்கைதான் மிச்சம்" என்பார். கைக்குத்தல் அரிசியில் கஞ்சி காய்ச்சச் சொன்னார். காய்ச்சினேன். பழுப்பு நிறத்தைப் பார்த்ததுமே ஜெயில் கஞ்சி என்று ஒதுக்கிவிட்டார்கள். அதன் பிறகுதான் சீரகச் சம்பா வந்தது. குடுமியான்மலைப் பக்கத்து விவசாயி வெள்ளைச்சாமியிடம் நெல்லாக வாங்கி, தவிடு போகாமல் குத்தி, எதைக் கொடுத்தாலும் வாய் திறக்காதவர்களுக்கு மட்டும் கஞ்சியாகக் கொடுப்பது என்று ஏற்பாடு. வாசனைக்காவது வாய் ஊறும் என்பது டாக்டரம்மாவின் எண்ணம்.

அந்தக் கஞ்சி கொதித்தால் கூடம் முழுக்கக் கல்யாண வீடு மாதிரி மணக்கும். முதல் டம்ளர், கட்டுமாவடியிலிருந்து வந்திருந்த ஒரு மீன் வியாபாரிக்குப் போயிற்று. வயிறு உப்பி, தண்ணீர்கூட இறங்காமல் கிடந்தவர். மணம் மூக்கில் பட்டதும் எழுந்து உட்கார்ந்து சொட்டு விடாமல் குடித்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. சாயங்காலம் அவர் போய்விட்டார். அடுத்த டம்ளர் வாங்கியவரும் அந்த வாரம் தாண்டவில்லை.

ரொம்பவும் முடியாதவர்களுக்குத்தானே கொடுத்தோம்? அது யாருக்குப் புரியும்! டாக்டர் கைவிரித்துவிட்டால் "ஆசைப்பட்டதக் குடுங்க" என்று சொந்தக்காரர்களிடம் சொல்வது நம் ஊர் வழக்கம். இதுவும் அதுதான் என்று கூடமே முடிவு கட்டிவிட்டது. மறுநாள் நான் தூக்குவாளியோடு நுழைந்தேன். கதவோரக் கட்டிலில் இருந்தவர் போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: "வாசம் வருதே, இன்னைக்கு யாருக்குங்க?"

வெள்ளைச்சாமி கொண்டுவந்த நல்ல செய்தி

எனக்கும் அந்தப் பயம் தொற்றிக்கொண்டது. அன்றிலிருந்து அந்தக் கஞ்சியை நான் உப்புப் பார்க்கக்கூட நாக்கில் வைத்ததில்லை. கைக்கணக்காக உப்பைப் போட்டு இறக்கிவிடுவேன். டாக்டரம்மாவிடம் இதைச் சொல்லவும் தைரியமில்லை.

இந்த நேரத்தில் வெள்ளைச்சாமி புது நெல்லோடு வந்து, கூடத்து வாசலில் நின்றுகொண்டு ஊருக்கே கேட்கிற குரலில் பேசினார். அந்த வருஷம் அவர் பக்கத்தில் குலைநோய். கதிர் வந்த நேரத்தில் கழுத்தில் நோய் விழுந்து, வயல் வயலாக வெளுத்துப் பதராகிவிட்டதாம். "சுத்துப்பட்டெல்லாம் போச்சுங்கம்மா. இந்தச் சம்பா மட்டும் அசையல. நட்டநடுவுல நிக்குது" என்றார். எல்லா வாசனை நெல்லும் அப்படித் தாங்கிவிடாது, தன் வயலில் அந்த வருஷம் அப்படி வாய்த்தது என்று பிறகு என்னிடம் அவரே சொன்னார். ஆனால் டாக்டரம்மாவுக்கு ஒரே சந்தோஷம். நோயைத் தாங்கி நின்ற நெல். சாப்பிடுகிறவர்களுக்குத் தைரியம் வரட்டும் என்று கட்டில் கட்டிலாகப் போய் அதைச் சொன்னார். எல்லோரும் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்கள். அவர் அந்தப் பக்கம் போனதும் கதவோரக் கட்டில்காரர் என்னைக் கூப்பிட்டார். "அக்கம்பக்கத்து உசுரையெல்லாம் வாங்கிக்கிட்டுத்தான அது நின்னுருக்கு? அதப்போயி எங்களுக்கு ஊத்துறீங்களே!"

பேர் வைக்காத பிள்ளை

செல்லம் என்ற பெண் வந்தது அந்த வாரம்தான். கந்தர்வக்கோட்டைக்குப் பக்கத்தில் முந்திரிக்காட்டு ஊர் ஒன்று. தலைப்பிரசவம் முடிந்து மாதம்கூட ஆகவில்லை. பத்தியம் என்று சொல்லி மெஷின் அரிசியை வடித்து, கஞ்சித் தண்ணீரையும் கொட்டிவிட்டு, வெறும் சோறாகவே கொடுத்திருக்கிறார்கள். கால் இரண்டும் வீங்கி, பாதம் மரத்துப்போய், நாலு வார்த்தை பேசினால் நெஞ்சு படபடவென்று அடித்தது. புருஷன் பஸ்ஸிலிருந்து தூக்கிக்கொண்டுதான் வந்தான். மாமியார் குழந்தையோடு கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள்.

டாக்டரம்மா ஊசி போட்டார். என்னைத் தனியே கூப்பிட்டு, "ஊசி மட்டும் போதாது. சத்துள்ள சாப்பாடு உள்ள போகணும். இல்லைன்னா நெஞ்சு தாங்காது. அந்தப் பச்சைக் குழந்தையும் இவளை நம்பித்தான் இருக்கு" என்றார். நான் கஞ்சியை எடுத்துக்கொண்டு தட்டியைத் தாண்டினேன். அதற்குள் பக்கத்துக் கட்டில்காரிகள் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தார்கள். மாமியார் என் கையிலிருந்த வாளியைப் பார்த்ததும் வாயில் முந்தானையை வைத்து அழ ஆரம்பித்தாள். செல்லம் அழவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்: "அத இங்கிட்டுக் கொண்டாராதீங்கண்ணே. எம்புள்ளைக்கு இன்னும் பேருகூட வைக்கல."

கை ஒடிந்தவர்

அன்று முழுக்க அவள் எதையும் தொடவில்லை. எனக்குத் தோன்றிய ஒரே வழி, கூடத்தில் இருக்கும் அத்தனை பேருக்கும் வாசனைக் கஞ்சி ஊற்றுவது. எல்லோருக்கும் என்றால் யாருக்கும் பயமில்லை அல்லவா? டாக்டரம்மாவும் சரி என்றார். மறுநாள் காலையில் பெரிய அண்டாவில் காய்ச்சி, கட்டில் தவறாமல் ஊற்றிக்கொண்டே போனேன். எப்பேர்ப்பட்ட யோசனை என்று என்னையே மெச்சிக்கொண்டேன்.

அண்டா பாதி காலியாவதற்குள் பாதிக் கட்டில் காலி. ஊரில் ஏதோ பெரிய கொள்ளைநோய் வந்திருக்கிறது, நம்மிடம் மறைக்கிறார்கள் என்று பேச்சு. ஒருவர் பாயைச் சுருட்டினார். இன்னொருவர் பஸ் எத்தனை மணிக்கு என்று விசாரித்தார். பனைமரத்திலிருந்து விழுந்து மாவுக்கட்டுப் போட்டிருந்த வாட்டசாட்டமான ஆள் ஒருவர், கண்ணில் நீர் முட்ட என் வேட்டியைப் பிடித்துக்கொண்டார். "ஐயா, எனக்குக் கைதானங்க ஒடிஞ்சிருக்கு. அதுக்குமா?"

என் முறை

அன்று மத்தியானம் டாக்டரம்மா என் பக்கம் வந்து நின்றார். "இன்னைக்கு அந்தப் பொண்ணு சாப்பிடலைன்னா நாளைக்கு என் கையில ஒண்ணும் இல்லை" என்றார். அவர் குரல் அப்படி இறங்கி நான் கேட்டதில்லை.

மறுபடியும் கஞ்சியோடு போனேன். செல்லத்துக்கு மூச்சு வாங்கியது. குழந்தை வீறிட்டுக் கத்திக்கொண்டிருந்தது. "நீங்க இதக் குடிச்சிருக்கீங்களாண்ணே?" என்று கேட்டாள். இல்லை என்று சொல்லவும் முடியவில்லை, பொய் சொல்லவும் வரவில்லை. என் முகமே சொல்லிவிட்டது. "நீங்க மொதல்ல குடிங்க. பொழுது சாயிற வரைக்கும் என் கண்ணு முன்னாடி உக்காருங்க. ஒண்ணும் ஆகலைன்னா நான் குடிக்கிறேன்" என்றாள்.

சிரிக்காதீர்கள். எனக்கு அப்போது இரண்டு பெண் குழந்தைகள். அவர்கள் முகம்தான் கண்ணில் நின்றது. தவிட்டில் சத்து, நோயைத் தாங்கிய நெல் என்று டாக்டரம்மா சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். இருந்தும் குலதெய்வத்தை ஒரு முறை கூப்பிட்டுக்கொண்டேன். கண்ணை மூடிக்கொண்டு ஒரே மடக்கில் குடித்தேன். பிறகு ஸ்டூலில் உட்கார்ந்தேன். வயிற்றில் கடமுடா என்று சத்தம் கேட்டபோதெல்லாம் அவளும் பார்த்தாள், நானும் பார்த்தேன். பெண்கள் பக்கம் மொத்தமும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. தட்டிக்கு அந்தப் பக்கத்திலிருந்து "ஆள் இருக்காரா?" என்று யாரோ கேட்டார்கள்.

விளக்கு ஏற்றும் நேரம் வந்தது. நான் இருந்தேன். செல்லம் கையை நீட்டினாள். சூடு பண்ணிக் கொண்டுவந்த கஞ்சியை மாமியார் தாங்கிப் பிடிக்க, ஒரு வாய் குடித்தாள். இன்னொரு வாய். சுவர்ப்பக்கம் திரும்பிவிடுவாளோ என்று என் உயிர் என்னிடம் இல்லை. அவள் முகத்தைச் சுளித்து என்னைப் பார்த்தாள். "என்னண்ணே சமைக்கிறீங்க? உப்பே இல்ல!"

மறுபடியும் அதே கூடம்

செல்லம் பிழைத்தாள். வீக்கம் வடிந்து, சுவரைப் பிடித்து நடந்து, பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பஸ் ஏறிப் போனாள். அதற்குப் பின் வாசனைக் கஞ்சிக்குக் கூடத்தில் கொஞ்சம் மரியாதை வந்தது. ஆனால் யாருக்கு ஊற்றினாலும் முதல் டம்ளர் நான் குடிக்க வேண்டும் என்பது வழக்கமாகிவிட்டது. நானும் கொஞ்சம் சதை போட்டேன்.

அறுபதுகளில் நான் வேலையை விட்ட பிறகு, மஞ்சள் காமாலை வந்து அதே கூடத்தில், அதே கதவோரக் கட்டிலில் படுத்தேன். டாக்டரம்மா மாற்றலாகிப் போயிருந்தார். எதுவும் சாப்பிடப் பிடிக்கவில்லை. ஒரு நாள் காலையில் அந்த மணம் வந்தது. என் இடத்துக்கு வந்திருந்த சமையல்காரன் முத்து, தூக்குவாளியோடு நேரே என் கட்டிலுக்கு வந்தான். எனக்குத் தெரியாத கஞ்சியா? நான் காய்ச்சாததா? போர்வையை மூக்கு வரை இழுத்துக்கொண்டேன். செல்லம் அன்றைக்கு என்னைப் பார்த்த பார்வை எனக்கு அப்போதுதான் விளங்கியது. "முத்து, நீ மொதல்ல ஒரு வாய் குடி" என்றேன். அவன் இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டான். "வேணாண்ணே. எனக்குப் புள்ளகுட்டி இருக்கு."

வேறு வழியில்லாமல் நானே குடித்துவிட்டு, பிழைத்துக்கொள்வேன் என்பது எனக்கே உறுதிப்பட வேண்டும் என்பதற்காக, சரியாகவே போட்டிருந்த உப்பைக் குறை சொல்லி முத்துவிடம் ஒரு மூச்சு சண்டை போட்டேன்.