எழுந்து நின்றபோது எடுக்காத அளவு

நான் பொய் எண்களை எழுதினேன். ஒன்றிரண்டு அல்ல, மூன்று மாதங்கள், காலையும் மாலையும், ஒரு மருத்துவ ஆய்வின் கொப்பியில், என் கையாலேயே!

அறியாமையால் எழுதினேன் என்று நீங்கள் என்னை மன்னிக்கப் பார்ப்பீர்கள். வேண்டாம். நான் யாழ்ப்பாணத்தில் ஒன்பது ஆண்டுகள் விஞ்ஞானம் கற்பித்தவன். ஊசல் பரிசோதனையைச் செய்யாமலே அளவீடுகளை எழுதிக்கொண்டு வந்த மாணவன் ஒருவனின் கொப்பியை வகுப்பின் நடுவில் இரண்டாகக் கிழித்தவன். “கண்டதை எழுது. காணாததை எழுதாதே” என்று அன்று முழங்கிய வாய் இதே வாய்தான்.

போர் என்னை இத்தாலியின் பலெர்மோ நகருக்குத் துரத்தியது. நான்கு ஆண்டுகளுக்கு முன்பு, தொண்ணூற்றைந்தில், கபோ சந்தைக்கு மேலே மூன்றாம் மாடியில், ஆகதா என்ற எழுபத்தெட்டு வயது அம்மையாரைப் பராமரிக்கும் வேலையில் இருந்தேன். சிஞ்ஞோரா என்றுதான் அவரை அழைப்பேன். அவருக்கு இரத்த அழுத்தம் அதிகம். முதியவர்களுக்கான புதிய மாத்திரை ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்த பெண் மருத்துவர் ஒருவர் அவரையும் ஆய்வில் சேர்த்துக்கொண்டார். டொத்தோரஸ்ஸா என்றுதான் அவரை எல்லோரும் அழைப்போம்.

நான் விஞ்ஞான ஆசிரியன் என்று அறிந்ததும் டொத்தோரஸ்ஸாவின் முகம் மலர்ந்தது. கையில் பட்டி கட்டிப் பாதரசத்தை உயர்த்தும் அந்தக் கருவியைக் கண்டுபிடித்தவர் ஓர் இத்தாலியர் என்று பெருமையாகச் சொன்னார். அதற்கும் வெகுகாலம் முன்பு, குதிரையின் நாடியில் குழாய் செருகி, இரத்தம் எவ்வளவு உயரத்துக்கு எழுகிறது என்று பார்த்த பாதிரியாரைப் பற்றி நான் சொன்னேன். இருவரும் சிரித்தோம். எத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு ஒருவர் என்னிடம் துடைப்பத்தைப் பற்றியல்லாமல் விஞ்ஞானத்தைப் பற்றிப் பேசினார்!

செய்ய வேண்டியது எளிது. நோயாளியை இருத்தி ஓர் அளவு. பிறகு எழுப்பி நிறுத்தி, ஒரு நிமிடம் பொறுத்து இன்னோர் அளவு. நிற்கும்போது அழுத்தம் அதிகம் இறங்கினால் முதியவர்கள் தலைசுற்றி விழுவார்கள் என்பதால்தான் இந்த இரண்டாவது.

மாத்திரை தொடங்குவதற்கு முந்தைய வாரம் ஒழுங்காகத்தான் எடுத்தேன். பிறகு சிஞ்ஞோராவுக்கு முழங்கால் வலி. எழும்பச் சொன்னால் என்னையும் டொத்தோரஸ்ஸாவையும் சேர்த்துத் திட்டுவார். ஒருநாள் எழுப்பாமல் விட்டேன். நிற்கும்போது எடுக்கவேண்டிய அளவுக்கான கட்டம் வெறுமையாக இருந்தது... முந்தைய வாரத்து எண்களைப் பார்த்து ஒன்றை எழுதினேன்.

மறுநாளும் எழுதினேன். அதற்கடுத்த நாளும்.

எவ்வளவு திறமையாக எழுதினேன் தெரியுமா? ஒருநாள் நான்கு குறைத்தேன், மறுநாள் ஏழு, இடையில் ஒருநாள் இரண்டு கூட்டினேன். உண்மையான எண்கள் எப்படிச் சிதறும் என்று தெரிந்தவனுக்கல்லவா பொய்யான எண்களையும் சிதறவைக்கத் தெரியும்! டொத்தோரஸ்ஸா என் கொப்பியை மற்றவர்களிடம் காட்டிப் புகழ்ந்தார்.

மூன்றாம் மாதத்தில் ஒரு காலை, கீழே நின்ற மரக்கறிக்காரனுக்குப் பால்கனியிலிருந்து கயிற்றில் கூடையை இறக்கிக் கொடுக்கச் சிஞ்ஞோரா கதிரையிலிருந்து எழுந்தார். இரண்டடி வைத்தார். நான் சமையலறையிலிருந்து ஓடி வருவதற்குள் பால்கனி வாசலில் விழுந்து கிடந்தார். வலது மணிக்கட்டு உடைந்திருந்தது. “இந்தப் பாழாய்ப்போன செருப்பு!” என்று அழுதார். நானும் செருப்பைத்தான் குற்றம் சொன்னேன். அதை எடுத்துக் குப்பையில் எறிந்தேன்.

உள்ளுக்குள் ஒரு சிறு சந்தேகமும் எழவில்லையா என்று கேட்கிறீர்களா? எழுந்தது. அதைத்தான் செருப்போடு சேர்த்து எறிந்தேன்.

இரண்டு கிழமை கழித்து டொத்தோரஸ்ஸா என்னைக் கூப்பிட்டார். அவர் முன் எண்ணெய்க் கறை படிந்த ஒரு கொப்பி கிடந்தது. பல்லரோ சந்தைப் பக்கத்தில் ஒரு முதிய கப்பல் தொழிலாளியைப் பராமரிக்கும் பிலோமினா அக்காவின் கொப்பி அது. மன்னார்க்காரி, பள்ளிப்படிப்பு ஐந்தாம் வகுப்போடு நின்றுவிட்டது.

“எழுந்து நின்றதும் நாற்பது, ஐம்பது இறங்குவதாக எழுதியிருக்கிறார். அளக்கத் தெரியவில்லை போல. உங்களுடையதைப் பாருங்கள், எவ்வளவு ஒழுங்கு! நீங்கள் போய் அவருக்குச் சொல்லிக்கொடுக்க முடியுமா?”

போனேன். ஆம், வெட்கமில்லாமல் போனேன்!

“அக்கா, உப்பிடி நாப்பது இறங்காது. நீங்கள் பட்டியைத் தளர்வாக் கட்டுறியள் போல.”

“நான் கண்டதைத்தான் எழுதினனான், தம்பி. வேறை என்னத்தை எழுதுறது?” என்றார் அவர். கோபமில்லை. “நீங்கள் படிச்சனீங்கள். நீங்களே எடுத்துப் பாருங்கோவன்.”

எடுத்தேன். இருக்கும்போது நூற்று ஐம்பத்திரண்டு. பிலோமினா அக்கா கிழவரின் இடுப்பைச் சுற்றிக் கையைப் போட்டுக் கவனமாக எழுப்பினார். பாதரசம் இறங்கியது... இறங்கிக்கொண்டே இருந்தது. நூற்று எட்டு. கிழவர் கண்ணை மூடி மேசையைப் பற்றிக்கொண்டார்.

“ஒவ்வொரு நாளும் இப்பிடித்தான். அதாலைதான் நான் பிடிக்காமல் இவரை எழும்ப விடுறேல்லை” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “உங்கடை சிஞ்ஞோராவுக்கு இப்பிடி வாறேல்லையோ?” என்று கேட்டார்.

“இல்லை அக்கா” என்றேன்.

வியா மக்வேதா வீதி நெடுகிலும் ஏறக்குறைய ஓடினேன். வீட்டுக்குப் போய்ச் சிஞ்ஞோராவைப் பிடித்து எழுப்பி அளந்தேன். நாற்பத்தாறு இறங்கியது. அவருடைய கட்டுப்போட்ட கை என் தோளில் கிடந்தது. அவரைத் தள்ளி விழுத்தியது செருப்பல்ல!

மறுநாள் காலை டொத்தோரஸ்ஸாவிடம் சொன்னேன். “அந்த அக்கா எழுதியது சரி. நானே அளந்தேன். என் கொப்பியில்தான்... கடைசி இரண்டு கிழமை நிற்கவைத்து எடுக்கவில்லை. ஊகித்து எழுதினேன்.”

அவர் சிவப்புப் பேனையை எடுத்து அந்த இரண்டு கிழமைகளையும் குறுக்கே வெட்டினார்.

“வேறு ஏதாவது?”

“இல்லை.”

இதுதான் என் குற்றம். முன்னது சோம்பல் என்றுகூடச் சொல்லலாம். இந்த ‘இல்லை’யை என்னவென்று சொல்வேன்? சிஞ்ஞோரா விழுந்த நாள் அந்தச் சிவப்புக் கோட்டுக்கு வெளியே இருந்தது. அதனால்தான் இரண்டு கிழமை என்று சொன்னேன்.

ஆயினும் நல்லதே நடந்தது. அன்றைக்கே டொத்தோரஸ்ஸா ஆய்விலிருந்த எல்லா வீடுகளுக்கும் தொலைபேசி எடுத்தார். மாத்திரையின் அளவு பாதியாகக் குறைக்கப்பட்டது. அதன்பின் ஒருவரும் விழவில்லை. அவர் பல்லரோவுக்கு நேரில் போய், சந்தேகப்பட்டதற்குப் பிலோமினா அக்காவிடம் மன்னிப்புக் கேட்டு, இரு கன்னத்திலும் முத்தமிட்டாராம். அக்கா வெட்கத்தில் சுருங்கிப்போனாராம். ஆய்வு வெளிவந்தபோது, முதியவர்கள் எழுந்து நிற்கையில் கவனம் தேவை என்ற எச்சரிக்கை அதில் தெளிவாக இருந்தது. ஆய்வின் சராசரிக் கணக்குக்குள் வெட்டுப்படாத என் பொய்களும் கலந்திருக்கின்றன. அந்த எச்சரிக்கையை அவை எவ்வளவு மெலிவாக்கின? கணக்குப் போட்டுப் பார்க்க எனக்குத் தெரியும்... போட்டதில்லை.

சிஞ்ஞோராவின் மணிக்கட்டு சற்றே கோணலாகப் பொருந்தியது. ஈரத் துணியைப் பிழிய முடியாது. மற்றபடி நலம், என் கையைப் பிடித்துக்கொண்டு கடைத்தெருவில் நடக்கிறார். தெரிந்தவர்களைக் கண்டால் நிறுத்திச் சொல்வார்: “மாத்திரையின் கோளாறைக் கண்டுபிடித்தது இவன்தான். இவன் இல்லையென்றால் நான் இன்றைக்கு இல்லை.” நான் தரையைப் பார்ப்பேன். அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சென்ற மாதம் டொத்தோரஸ்ஸா அடுத்த ஆய்வைத் தொடங்கினார். முதியோரைப் பராமரிக்கும் தமிழ்ப் பெண்களுக்கு அளக்கப் பழக்கும்படி என்னையும் பிலோமினா அக்காவையும் கேட்டார். ஞாயிறு பூசை முடிந்ததும் கோவில் மண்டபத்தில் பதினொரு பேர் வந்து உட்கார்ந்தார்கள். ஒவ்வொருத்தியும் எவ்வளவு ஆர்வத்தோடு அந்தப் பாதரசத்தைப் பார்த்தாள்! பெருக்கித் துடைக்க மட்டுமே தங்களை அழைத்த ஊர், இன்று ஓர் உண்மையைக் கண்டறியவும் அழைக்கிறதே என்ற மகிழ்ச்சி அந்த முகங்களில் தெரிந்தது. எனக்கும் நெஞ்சு நிறைந்தது, உண்மையாகவே.

“எடுக்காத அளவை எழுதக்கூடாது. கட்டத்தை வெறுமையா விடுங்கோ” என்றேன்.

“வெறுமையா விட்டால் டொத்தோரஸ்ஸா ஏசமாட்டாவோ, மாஸ்ரர்?” என்று ஒருத்தி கேட்டாள்.

“ஏசுவா. ஏசட்டும்.”

பிலோமினா அக்கா எனக்குப் பக்கத்தில் நின்று தலையாட்டினார். “மாஸ்ரர் சொல்லுறதைக் கேளுங்கோ, பிள்ளையள். பொய் எழுதத் தெரியாத மனிசன்.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் பட்டியை எடுத்து அடுத்தவளின் கையில் கட்டினேன்.