அசனத்துக்கு வெங்காயம் உரித்த நாள்

பசியே இல்லாமல் தின்றுகொண்டிருந்தேன். ஊரிலிருந்து கடல் தாண்டிய தீவில், கராச்சர்மாவில் எங்கள் வீட்டில், பிள்ளைகள் பள்ளிக்கும் வீட்டுக்காரர் மீன்பிடிப் படகுக்கும் போன பிறகு, அடுக்களையில் நின்றபடியே தின்பேன். முறுக்கு, பழைய சோறு, பிள்ளைகளுக்கு வாங்கிய பிஸ்கட், எது கையில் பட்டாலும் சரி. வயிறு வலிக்கும். கை நிற்காது. முடிந்ததும் என்மேலேயே அருவருப்பாக இருக்கும்.

போன மழைக்காலத்தில் தூத்துக்குடிப் பக்கம் எங்கள் ஊரில் அம்மா இறந்துபோனாள். மோசமான வானிலையால் விமானம் ரத்து. கப்பல் போய்ச் சேருமுன் அடக்கம் முடிந்துவிடும். போனில்தான் அம்மா முகத்தைப் பார்த்தேன், அதுவும் பாதியில் நின்றுவிட்டது. "அழாத, புள்ளைங்க பயந்துரும்" என்றார் வீட்டுக்காரர். அழவில்லை. அதற்குப் பிறகுதான் இந்தத் தீனி. ஒன்றிலிருந்து மற்றது வந்தது என்று அப்போது எனக்குப் புரியவில்லை.

"என் வாயைக் கட்டும் தாயே" என்று மாதாவிடம் மன்றாடினேன். வெள்ளிக்கிழமை உபவாசம் இருந்தேன். சனிக்கிழமை இரண்டு மடங்கு தின்றேன். என் செபம் மேலே போகவே இல்லை என்று நினைத்தேன். வேறு வழியும் தெரியவில்லை.

பங்குத் திருவிழா வந்தது. அசனத்துக்கு, அதாவது பங்கு முழுவதும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் பந்திக்கு, பெண்கள் சேர்ந்து வெங்காயம் உரித்தோம். எல்லார் கண்ணிலும் தண்ணீர். என் கண்ணிலும் வந்தது, நிற்கவில்லை. எங்கள் பக்கத்துத் தெரு ஸ்டெல்லா அக்கா கத்தியைக் கீழே வைத்தார்.

"ஏட்டி, வெங்காயத்துக்கு இப்படியா அழுவாங்க? க்யா ஹுவா, என்னாச்சு, சொல்லு."

"அம்மாவக் கடைசியா பாக்கல அக்கா."

அவ்வளவுதான் சொல்ல முடிந்தது. அக்கா என்னைக் கட்டிக்கொண்டார். சத்தம்போட்டு அழுதேன். வாயைக் கட்டச் சொல்லிக் கேட்ட எனக்கு, ஆண்டவர் அழ ஓர் இடம் கொடுத்தார்.

அன்று பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டேன். மறுசோறு வந்தபோது "போதும்" என்று இலையை மறித்தேன். அந்தச் சொல்லைச் சொல்லி எத்தனையோ மாதமாகியிருந்தது.

முழுக்கக் குணமாகிவிட்டேன் என்று சொல்ல மாட்டேன். இப்போதும் சில மத்தியானங்களில் கை டப்பாவுக்குப் போகிறது. அம்மா பெயரைச் சொல்லிச் செபிக்கிறேன், அழுகை வந்தால் அழுகிறேன். சில நாள் அதற்குள் தின்றும்விடுகிறேன். அன்றைக்கு அக்காவுக்குப் போன் போடுவேன், "வா" என்பார். இயேசுவுக்கு நன்றி.

என்னைப்போல் தனியாக நின்று தின்கிற சகோதரி யாராவது இருந்தால், வெட்கப்படாமல் ஆண்டவரிடம் கேளுங்கள். உங்களிடம் ஓர் ஆளை அனுப்புவார். அந்த ஆள் என்னவென்று கேட்கும்போது, ஒன்றுமில்லை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.