தாத்தா தொட்ட ஒட்டகம்

போன வாரம் எங்கப்பா ஒரு ஒட்டகத்தை வாங்கிவிட்டார்.

நிஜமாகத்தான். ஆம்பூரில் ஸ்கூட்டர் நிறுத்தவே இடமில்லாத சந்தில் குடியிருப்பவர்... ராஜஸ்தான் பாலைவனத்தில் நின்றுகொண்டு, ஒரு வார்த்தை இந்தி தெரியாமல், முழுசாக ஒரு ஒட்டகத்துக்கு விலை முடித்துவிட்டார். எப்படி? சொல்கிறேன்.

அக்கா வீட்டுக்காரர் ராணுவத்தில் இருக்கிறார். எங்கள் பக்கம் தெருவுக்கு நாலு பேர் மிலிட்டரி என்பது உங்களுக்குத் தெரியாததா? மாமாவுக்கு இந்தக் குளிர்காலத்தில்தான் ஜெய்சல்மேரில் ஃபேமிலி குவார்ட்டர்ஸ் கிடைத்தது. அக்காவையும் மூன்றரை வயது மகியையும் அங்கே குடிவைக்க அப்பா, அம்மா, நான் மூவரும் கிளம்பினோம். இருபது நாள் தங்கல்.

வெளியே பார்த்தால் டூர். உள்ளே ஒரு பரீட்சை. எழுதுபவர் மாமா.

மகி பிறந்ததிலிருந்து எங்களோடுதான் வளர்கிறாள். மாமா கடைசியாக நீண்ட லீவில் வந்தபோது அவள் கைக்குழந்தை. அதற்குப் பிறகு எல்லாமே வீடியோ கால். ஸ்டேஷனில் மாமா ஆசையாகக் கை நீட்டினார். அவள் அக்காவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு சொன்னாள்:

"இவுரு வேணா. போன்ல வர்ற அப்பாதான் வேணும்."

அந்த ஆறடி மனிதரின் முகம் சுருங்கியதைப் பார்க்க முடியவில்லை. "புதுசுல்ல... பழகிடுவா, விடுங்க" என்றாள் அக்கா. சொன்ன குரலில் அவளுக்கே நம்பிக்கை இல்லை.

அதற்காகத்தான் தினம் ஒரு அவுட்டிங். முதலில் கோட்டை. அப்பப்பா! காலையில் கடலைமாவு நிறத்தில் இருந்த மதில், சாயங்காலம் பொரித்த பஜ்ஜி நிறத்துக்கு வந்துவிட்டது. நம்ம வேலூர்க் கோட்டைக்குள் கோயில் இருக்கிறது, மியூசியம் இருக்கிறது. குடும்பம் நடத்துகிறார்களா? இங்கே நடத்துகிறார்கள்! கோட்டை மாடியில் ஸ்கூல் யூனிஃபார்ம் காய்கிறது. நான் வாயைப் பிளந்தபடி நடக்க, மாமா ஒரு பொம்மலாட்டப் பொம்மை வாங்கி மகியிடம் நீட்டினார். வாங்கிக்கொண்டாள். மரியாதையாகச் சொன்னாள்:

"தேங்க்யூ அங்கிள்."

மறுநாள் ஏரியில் போட்டிங். அங்கிள். அதற்கு மறுநாள் ஜிலேபி. அங்கிள். பத்து நாள் ஓடிவிட்டது.

பதினோராம் நாள் மணல்மேடு. "பாலாறு பாத்தவங்களுக்கு மணல் இன்னா புதுசு?" என்று ஜீப்பில் அம்மா கிண்டலடித்தாள். இறங்கி முதல் மேட்டில் ஏறியதும் அம்மா செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

கண் முடிகிற இடம்வரை மணல். அதன்மேல் காற்று போட்ட வரிகள்... ஒரு வரி இன்னொன்றைத் தொடவில்லை. வெயில் பட்ட சரிவு கதகதப்பு. நிழல் சரிவில் கால் வைத்தால் ஐஸ். ஒரே மேடு, இரண்டு சீசன்! ஹைவே ஓரத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு, லாரி ஹாரன் இல்லாத உலகம் ஒன்று இருப்பதே அன்றுதான் தெரிந்தது. காதுக்குள் என் ரத்தம் ஓடுகிற சத்தம் கேட்டது — சத்தியமாக.

அம்மா ஒரு பிடி மணலை அள்ளிப் பார்த்தாள். "நம்ப ஊரா இருந்தா ஒரே வாரத்துல லாரி வச்சி வழிச்சிட்டுப் போயிருப்பானுங்க."

அந்த மேட்டின் அடியில்தான் ஒட்டகம் நின்றிருந்தது.

அப்பாவுக்கு முப்பது வருஷமாக டேனரியில் தோல் தரம் பிரிக்கிற வேலை. கண் சொல்வதை நம்ப மாட்டார். கை தடவிப் பார்த்தால்தான் நம்புவார். கல்யாண வீட்டில் பக்கத்து சீட்காரரின் பையைத் தடவி, அம்மாவிடம் கிள்ளு வாங்குகிறவர். ஒட்டகத்தை விடுவாரா? கழுத்தைத் தடவினார். முதுகைக் கிள்ளினார். குனிந்து வயிற்றைப் பார்த்தார்.

"வவுத்தாண்ட லூசு. தொடையில சூடு போட்ட தழும்பு. ரெண்டாந்தரம்தான்..."

ஒட்டகத்தை அங்குலம் அங்குலமாகத் தடவுகிறவருக்கு அந்த ஊரில் ஒரே அர்த்தம்: வாங்க வந்தவர். ஒட்டகக்காரர் மீசையை ஒதுக்கிவிட்டு, அப்பாவின் கையை இழுத்து, தான் போர்த்தியிருந்த கம்பளிக்குள் விட்டுக்கொண்டார். விரலைப் பிடித்தார்.

வேறு யாராக இருந்தாலும் கையை உருவியிருப்பார்கள். அப்பா வாலிபத்தில் பச்சைத்தோல் மண்டியில் நின்றவர். துண்டுக்கு அடியில் விரல் பிடித்தே விலை பேசுகிற இடம் அது. பழகிய கை சும்மா இருக்குமா? இவர் உள்ளே இரண்டு விரலை மடக்கினாராம். அவர் தலையாட்டி ஒரு விரலை அழுத்தினாராம். இரண்டு பேர் முகத்திலும் அப்படி ஒரு கம்பீரம்! பாஷை தெரியாத இரண்டு பேர், ஒரு கம்பளிக்குள்ளே பேசிக்கொள்கிறார்கள்... எனக்குப் புல்லரித்தது.

"பக்கா!" என்று சிரித்து, ஒட்டகக்காரர் கயிற்றை அப்பாவின் கையில் வைத்தார்.

அப்பாவின் முகம் வெளுத்தது. "அடக் கடவுளே... சும்மா வெளாட்டுக்குப் புடிச்சேன்டி. கை குடுத்துட்டேனே இப்ப!"

அப்போதுதான் பின்னாலிருந்து ஒரு அலறல். மகி!

போன பக்ரீதுக்கு முன்னால் பக்கத்து வீட்டு பாய் ஒரு ஆடு வாங்கிக் கட்டியிருந்தார். அது மகிக்கு தோஸ்த். ஒரு நாள் அப்பா வழக்கம்போல அதைத் தடவி, "அருமையான தோலு" என்றார். நாலாம் நாள் ஆடு இல்லை. நாம் பண்டிகை என்போம். மகியின் முடிவு வேறு: தாத்தா தொட்டால் ஆள் காலி.

இப்போது தாத்தா கையில் ஒட்டகத்தின் கயிறு! யாரிடம் முறையிடுவது? தாத்தாதான் குற்றவாளி. அம்மாவும் அக்காவும் நானும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிக்கிறோம். சிரிக்காமல் நின்ற ஒரே ஆள் மாமா. மகி மணலில் ஓடினாள், விழுந்தாள், எழுந்தாள், போய் மாமாவின் காலைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா! தாத்தாவப் புடிங்கப்பா! ஒட்டகத்த ஷூ பண்ணிடுவாருப்பா!"

எங்கள் சிரிப்பு நின்றது.  மாமா குனிந்து அவளைத் தூக்கினார். அவள் உதறவில்லை, கழுத்தை இறுக்கிக்கொண்டாள்.

குழந்தையை இடுப்பில் வைத்தபடியே இந்தியில் பேசினார் மாமா. எங்க மாமனாருக்கு வாங்குகிற உத்தேசமில்லை, தோல் பார்க்கிற பழக்கம், அவ்வளவுதான்... 'தோல்' என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம், ஒட்டகக்காரர் கயிற்றைப் பிடுங்கி, ஒட்டகத்தை நாலடி பின்னால் இழுத்துக்கொண்டார். வியாபாரத்தை அவரே கேன்சல் செய்துவிட்டார்! மகியின் அழுத முகத்தைப் பார்த்து அவரும் சிரித்துவிட்டு, மாமாவையும் அவளையும் ஏறச் சொன்னார். ஒரே கண்டிஷன்: அந்தப் பெரியவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு தள்ளி நிற்க வேண்டும்.

ஒட்டகம் பின்னங்காலை முதலில் தூக்கும். இருவரும் முன்னால் சரிந்தார்கள். "அப்பா, கெட்டியாப் புடிச்சிக்கோ!" என்று கத்தினாள் மகி. அவர் எங்கே விட்டார்? மணல்மேட்டின் உச்சியில், சிவந்த வானத்துக்கு எதிரே அவர்கள் இரண்டு பேரும்... அக்கா போனை எடுத்தாள். கண் கலங்கி, போட்டோ எடுக்காமலே உள்ளே வைத்துவிட்டாள்.

திரும்பும்போது மகி மாமாவின் இடுப்பைவிட்டு இறங்கவே இல்லை. "கை வலிக்கும், எறக்கி விடுங்க" என்றாள் அக்கா. "வலிக்கல" என்றார் மாமா. எங்கப்பா பக்கத்தில் வந்தால் மட்டும் மாமாவின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். வளர்த்த தாத்தாவுக்கு எப்படி இருக்கும்?

"நான் எடுத்துச் சொல்றேன்பா, புரிஞ்சிக்குவா" என்றேன்.

அப்பா ஜீப் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "வேணா விடுடி. நாம ஊருக்குப் போற வரைக்கும் நான் கெட்டவனாவே இருந்துட்டுப் போறேன்."

பிள்ளைகளின் மனசைப் பிடிக்கத் தவிக்கிற அப்பாக்களே... பொம்மை வேண்டாம். வீட்டில் ஒரு நல்ல வில்லன் இருக்கிறாரா, பாருங்கள்!