தாளம் நடந்த தூரம்

பாட்டு ஆரம்பித்தால் ஜெயலக்ஷ்மி மாமிக்குக் கண் மூடிக்கொள்ளும், வலது கை மட்டும் விழித்துக்கொள்ளும். தொடையில் ஒரு தட்டு, பிறகு சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். மார்பில் வந்த புற்றுநோய்க்கு ஊசி ஏற்றிக்கொண்ட மறுநாளெல்லாம் டாக்குரியா வீட்டு ஜன்னலோரக் கட்டிலில் இப்படித்தான் கிடப்பார். ஏரிப் பக்கத்துப் பனி கம்பி வழியே உள்ளே வரும். லோக்கல் ரயில் எங்கோ ஊதிக்கொண்டு போகும். பாடகர் தப்பினாலும் தப்புவார், மாமி தாளம் தப்பமாட்டார்.

ஏ.ஜி. ஆபீஸில் தணிக்கைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். சர்வீஸ் பூராவும் அடுத்தவர் வேலையில் குற்றம் கண்டுபிடித்த கண் வீட்டுக்கு வந்தால் சும்மா இருக்குமா? எதிர் வீட்டுக்காரியான என் சாம்பாரை ஒரு சொட்டு நாக்கில் விட்டுக்கொண்டு, "அப்ஜெக்‌ஷன் இருக்குடீ ரோஹிணி. புளி ஜாஸ்தி" என்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். மறுநாள் புளியைக் குறைத்துவிடுவேன்.

ஆஸ்பத்திரியில் சுதேஷ்ணா என்ற வங்காளி பிசியோதெரபிப் பெண் மாமிக்கு ஒரு கறுப்புப் பட்டையைக் கட்டிவிட்டாள். கைக்கடிகாரம் மாதிரிதான். நடந்தால் எண்ணும், எண்ணியது போன் வழியாக அவளுக்குப் போய்விடும். அறுவை சிகிச்சை இடது பக்கம், அந்தக் கையில் எதையும் இறுக்கக் கூடாது. அதனால் வலது கையில் கட்டினாள். "ரோஜ் எக்டு ஹாட்பேன், மாஷிமா" என்றாள். தினமும் கொஞ்சம் நடக்க வேண்டுமாம். தெம்பு இருந்தால்தான் மீதி ஊசிகள், படுத்தே கிடந்தால் தள்ளிப்போடுவோம் என்று டாக்டரும் சொல்லிவிட்டார். மாமிக்கு அதுதான் பயம்.

"பாதியில விட்டா அது திரும்பி வந்து நிக்கும்டீ. ஒரே மூச்சா முடிச்சுடணும்."

நல்ல நாட்களில் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏரிக்கரைக்கு வருவார். மருந்தினால் பாதம் இரண்டும் மரத்திருந்தன. "பஞ்சு மேல நடக்கறாப்பல இருக்கு" என்பார். பனிக்குள் துடுப்புச் சத்தம் கேட்கும், படகு கண்ணில் படாது. அப்போது மாமி பேசமாட்டார், என்னையும் பேச விடமாட்டார்.

ஊசிக்கு மறுநாள் எழுந்திருக்கவே முடியாது. ஆனால் சாயங்காலம் பார்த்தால், மாமி வெகுதூரம் நடந்திருப்பதாகப் பட்டை சொல்லும்.

"கனவுல ஏரியைச் சுத்தினேன். நெஜமாவே போயிட்டு வந்துட்டேனோ என்னமோ!"

இல்லை என்று சாட்சி சொல்லக் காலுக்கு உணர்ச்சி வேண்டுமே! "தாருண், மாஷிமா!" என்று சுதேஷ்ணாவிடமிருந்து செய்தி வரும். பிரமாதம் என்று அர்த்தம். அன்றைக்கு மாமிக்கு ரசம் சாதம் இரண்டு வாய் கூடவே இறங்கும். நான் இல்லாத நேரத்தில் கூடத்தில் நடந்திருப்பார் என்று நானும் நம்பிக்கொண்டிருந்தேன்.

போன வாரம் அவர் போனை வைத்துக்கொண்டு கட்டிலருகே உட்கார்ந்திருந்தேன். பல்லவி ஆரம்பித்தது. தட்டு விழ விழ எண் ஏறியது. மாமி படுத்திருக்கிறார், எண் பாட்டுக்கு நடக்கிறது! எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"மாமி, நீங்க எங்கயும் போகலை. தாளம் போட்டிருக்கேள்! இந்தப் பட்டை அதை நடைன்னு நெனச்சுண்டிருக்கு!"

மாமி சிரிக்கவில்லை. கை அந்தரத்தில் நின்றது.

"அப்போ ஏரி?" என்றார்.

ஏன்தான் வாயைத் திறந்தேனோ!

"யார்ட்டயும் சொல்லாதீங்கோ. ஊசியை நிறுத்திட்டா என்ன பண்றது?"

"தப்புன்னு தெரிஞ்சப்புறம் பாஸ் பண்ணணுமா? நானா? இல்லாத தெம்புக்கு மருந்து ஏத்தினா இந்த உடம்புதானேடீ தாங்கணும்?" மாமி அழவில்லை. பாட்டை நிறுத்தச் சொன்னார்.

நேற்று ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டரைப் பார்க்கும் முன்பே மாமி சுதேஷ்ணாவைக் கூப்பிட்டு, அவளுடைய பாஷையிலேயே எல்லாவற்றையும் சொன்னார். தாளம் எப்படிப் போடுவது என்று அவள் முழங்காலிலேயே தட்டிக் காட்டினார். அந்தப் பெண் முதலில் சிரித்தாள். பிறகு போனில் பழைய நாட்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள், சிரிப்பு போய்விட்டது. நடைக்கூடத்தின் கோடிவரை போய்த் திரும்புங்கள் மாஷிமா, நான் கண்ணால் பார்த்து டாக்டரிடம் சொல்கிறேன் என்றாள்.

நான் கை கொடுக்கப் போனேன்.

"வேண்டாம். நீ பிடிச்சா அதுவும் தப்புக் கணக்குதான்."

பட்டையைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். நாற்காலியைப் பிடித்து எழுந்து, சற்று ஆடி, நிலைத்தார். பக்கத்திலேயே சுவர். வலது கை தானாக அதைத் தேடிப் போயிற்று. மாமி அந்தக் கையை முதுகுக்குப் பின்னால் இழுத்து, இடது கையால் மணிக்கட்டைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, நடக்க ஆரம்பித்தார்.