ஒன்பதாம் குழாய்

செம்புச் சுரங்கத்தின் கழிவுக் குளம் எங்கள் வாலேனி கிராமத்துக்கும் அதையொட்டி ஓடும் ஆற்றுக்கும் நேர் மேலே, மலை மடியில் கிடந்தது. அதைத் தாங்கிய மண்சுவரில் பதினான்கு குழாய்கள் இறக்கியிருந்தார்கள். சுவருக்குள் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று தினமும் காலையில் கயிறு விட்டு அளப்பது சவேட்டாவின் வேலை. நான் அவள் பக்கத்து வீட்டுக்காரன், செம்மறிகள் வைத்திருப்பவன்.

அந்த மார்ச்சில் பனி ஒரேயடியாக உருகி, ஒன்பதாம் குழாயில் நாலு நாளில் தண்ணீர் இரண்டு மீட்டர் ஏறியது. சுவரைப் பலப்படுத்தச் சொல்லி மனு கொடுத்தோம். கம்பெனி ஹொராட்சியு என்ற பொருளாதார நிபுணரை அனுப்பியது. மரியாதையான ஆள். பள்ளிக்கூடத்தில் திரை கட்டி விளக்கினார். சுவர் உடைய வாய்ப்பு ஆயிரத்தில் ஒன்று. உடைந்தால் அழியக்கூடியவற்றின் விலையை அதோடு பெருக்கிப் பார்த்தால், பலப்படுத்தும் செலவுக்குப் பக்கத்தில்கூட வராது.

"இதுல எங்க ஊரு ஆறு எங்கங்க இருக்கு?" என்று கேட்டாள் சவேட்டா.

"ஆத்த யாரும் விக்கறதில்ல, வாங்கறதில்லம்மா. விலையில்லாதத எப்படிக் கணக்குல சேக்கறது?"

"அப்ப நாங்க?"

அவர் அடுத்த பக்கத்தைக் காட்டினார். உயிருக்கு ஒரு தொகை போட்டிருந்தது, வயதானவர்களுக்குக் குறைவாக.

"எனக்குத் தள்ளுபடி விலையா தம்பி?" என்று நான் கத்த, கூடமே சிரித்தது. சவேட்டா மட்டும் சிரிக்கவில்லை. தலைக்குட்டையின் நுனியை முறுக்கிப் பிடித்திருந்தாள்.

அந்தக் கூட்டம் முடிந்த மூன்றாம் நாள் காலை ஒன்பதாம் குழாயின் வாய்வரை தண்ணீர் வந்துவிட்டது, கலங்கலாக. சவேட்டா சுரங்க மேலாளருக்குப் போன் செய்தாள்.

"எழுதி வை. திங்கக்கிழம பாத்துக்கலாம்."

"சுவரோட மண்ணே கரைஞ்சு வருதுங்க!"

"வேலைய விட்டுட்டு எறங்கினா திரும்பி வராத."

அவள் ஓடிவந்து என் வாசலில் வாந்தி எடுத்தாள். "எனக்கு நிச்சயமாத் தெரியலண்ணே. ஒண்ணும் ஆகாமலும் போகலாம். ஆனா அங்க நிக்க முடியல."

அந்த முகத்தைப் பார்த்ததும் நானும் அவளோடு ஓடினேன். தேவாலய மணியை அடித்தோம், வீடுவீடாகத் தட்டினோம். "அடுப்புல மாமாலிகாக் களி கொதிக்குதுடி பாவி!" என்று திட்டிக்கொண்டேதான் ஊரிலிருந்த அறுபத்தொரு பேரும் எதிர்மேட்டில் ஏறினார்கள்.

ஒரு மணி நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. குதிரை வளர்க்கும் பெத்ரூ, "பயித்தியக்காரி பேச்ச கேட்டு வந்தோம் பாரு" என்று இறங்கப் போனான். சவேட்டா வழியில் உட்கார்ந்து அவன் காலைக் கட்டிக்கொண்டாள். அவன் உதறிப் பார்த்தான். அவள் விடவில்லை.

அப்போது மூட்டையைத் தரையில் இழுப்பது போல ஒரு சத்தம். சுவரின் நடுப்பகுதி மெதுவாக உட்கார்ந்தது. சாம்பல் நிறச் சேறு ஊருக்குள் புகுந்து, என் வீட்டை அப்படியே தள்ளிக்கொண்டு போய் ஆற்றில் விழுந்தது. பெத்ரூ மண்டியிட்டுச் சிலுவை போட்டுக்கொண்டான். ஆற்றில் மீன்கள் வெள்ளையாக வயிறு காட்டி மிதந்தன.

கம்பெனியின் அறிக்கை இலையுதிர்காலத்தில் வந்தது. இருபத்திரண்டு வீடுகள், உயிர்ச்சேதம் இல்லை, எதிர்பார்த்ததைவிடக் குறைந்த நஷ்டம். ஆற்றைப் பற்றி ஒரு வரி இல்லை. அதே அறிக்கையைக் காட்டி அடுத்த மலையில் இரண்டாவது குளத்துக்கு அனுமதி வாங்கினார்கள்.

அங்கே குழாய் அளக்க ஆள் கிடைக்கவில்லை. விரட்டிய அதே மேலாளர் சவேட்டாவைத் தேடி வந்தார். அவள் சரி என்றாள்.

"உனக்கென்ன புத்தி கெட்டுப்போச்சா?" என்றேன்.

"பயமாத்தாண்ணே இருக்கு. பயமே இல்லாத எவனையாவது அங்க நிறுத்திட்டா என்ன பண்றது?"