எல்லைப் போத்தல்

போன கிழமை வெள்ளவத்தையில் புதிதாகத் திறந்த சாப்பாட்டுக்கடை ஒன்றில், மேசையில் பூச்செருகி வைத்திருந்த போத்தலின் அடியைப் பார்க்க அதைக் கவிழ்த்து, மடி நிறையத் தண்ணீரை ஊற்றிக்கொண்டேன். மனைவி துடைக்க லேஞ்சியை நீட்டியபடி, "எண்பது தாண்டியும் இந்தப் புத்தி போகேல்லை" என்றாள். போகவில்லைதான். கையில் ஒரு போத்தல் அகப்பட்டால் பெருவிரல் தானாக அதன் கழுத்தைத் தடவத் தொடங்கிவிடும். அந்தக் கடைப் போத்தல், உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், பழசு மாதிரிச் செய்த புதுசு. கடைக்காரரிடம் அதைச் சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு வந்தேன். வாயை மூட நான் பழகிய கதை கொஞ்சம் நீளம்.

சுதந்திரம் கிடைத்துப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகியிருக்கும். மன்னார்க் கச்சேரியில் கிளாக்கர் வேலை கிடைத்து யாழ்ப்பாணத்திலிருந்து போனேன். தனிக்கட்டை. பின்னேரம் கந்தோர் பூட்டினால் அதற்குப் பிறகு பார்ப்பதற்குக் கடலும் கழுதைகளும்தான். கழுதைகளுக்கு என்னைப் பார்த்து அலுத்துப்போன பிறகு, சனிக்கிழமைகளில் சிலாவத்துறைக்கு பஸ் ஏறத் தொடங்கினேன். வெள்ளைக்காரன் காலத்தில் முத்துக்குளிப்பு நடந்த கரை அது. குளிப்புக் காலத்தில் ஓலைக் கொட்டில்களால் ஒரு பட்டினமே எழும்பி, முடிந்ததும் இல்லாமல் போய்விடுமாம். கொட்டில் போனாலும் குடித்துப்போட்ட போத்தல் போகுமா? சோளகக் காற்று மணலை வாரியெடுக்க, ஒவ்வொன்றாகத் தலை காட்டும். நிமிர்ந்து நிற்கவே முடியாத கூர் அடிச் சோடாப் போத்தல், கழுத்துக்குள் கண்ணாடிப் போளை உருளும் போத்தல், பெட்டியில் அடுக்கவென்று சதுரமாகச் செய்த ஜின் போத்தல். ஒருமுறை ஒரு மருந்துப் போத்தலின் தக்கையை இழுத்தபோது, கற்பூரமும் காறலும் கலந்த ஒரு மணம் வந்தது. யாருக்கு என்ன வருத்தமோ, அந்த மணம் இன்னும் என் மூக்கில் நிற்கிறது.

பழைய ஆங்கிலச் சஞ்சிகை ஒன்றில் வந்த கட்டுரையையும் என் விரலையும் வைத்துக்கொண்டு போத்தல்களின் வயதைக் கணிக்கப் பழகினேன். வாயால் ஊதிச் செய்த போத்தலின் அடியில், செய்யும்போது பிடித்திருந்த இரும்புக் கம்பியை உடைத்தெடுத்த இடம் சொரசொரப்பான தழும்பாக இருக்கும். அச்சில் வார்த்ததென்றால் பக்கத்தில் ஒரு கோடு ஓடும். அந்தக் கோடு கழுத்தோடு நின்றுவிட்டால் வாயைப் பிறகு கையால் வைத்திருக்கிறார்கள், பழசு. வாய் விளிம்பு வரைக்கும் ஏறினால் இயந்திரத்தில் செய்தது. அடிவிளிம்பைச் சுற்றி மணல் ஒட்டினதுபோலப் பொடிப் புள்ளிகள் இருந்தால், இரண்டாம் யுத்தக் காலத்துக்கு முந்தி அது பிறந்திருக்கவே முடியாது. இதையெல்லாம் கேட்பவர், கேளாதவர் எல்லாருக்கும் விளக்கி விளக்கி, ஊரில் எனக்குப் 'போத்தல் கிளாக்கர்' என்று பெயர் விழுந்தது. எனக்கு அதில் உள்ளூரப் பெருமைதான்.

சந்தியோகு என்று ஒருவர், மன்னார்த் தீவில் வீடு வீடாக வேலி அடைத்துக் கொடுப்பவர், ஒருநாள் என் அறைக்கு ஒரு போத்தலைக் கொண்டுவந்தார்.

"பழசெண்டால் உங்களுக்கு விருப்பமெல்லே, ஐயா. கிடங்கு வெட்டேக்க கிடைச்சது."

கரும்பச்சை. கழுத்துக் கோணல். அடியில் தழும்பு. உள்ளே ஒட்டியிருந்த கரியை, மணலும் சோடாத்தூளும் போட்டு மூன்று நாள் குலுக்கிக் கழுவினேன். எந்தக் கிடங்கு, யாருடைய காணி என்று நான் கேட்கவில்லை. எப்போது செய்தது என்பதுதான் எனக்கு எப்போதும் கேள்வி. எங்கே கிடந்தது என்பதைப் பற்றி நான் அலட்டிக்கொண்டதில்லை.

சில மாதம் கழித்துத் தோட்டவெளிக் கத்தோலிக்கக் கோயிலின் பங்குச் சாமியார் என்னை வரச்சொல்லி ஆள் அனுப்பினார். அங்கே றோசம்மா, பிலோமினா என்று இரண்டு சகோதரிகள். அவர்களுடைய தகப்பன் தன் தென்னங்காணியை இரண்டாகப் பிரித்து இருவருக்கும் சீதனமாக எழுதி வைத்துவிட்டு, யுத்தம் தொடங்க முந்தியே கண்ணை மூடியவர். எல்லையில், மண்ணுக்குள், கரி நிரப்பிய போத்தல் ஒன்றைத் தாட்டு வைத்திருந்தார். அந்த நாளில் அப்படிச் செய்வார்கள். கட்டை உக்கிப்போகும், கல்லை நகர்த்திவிடலாம், கரியும் கண்ணாடியும் மண்ணுக்குள் எத்தனை காலமும் அப்படியே கிடக்கும். இப்போது மூத்தவர் றோசம்மா, தங்கையின் வேலி வருடா வருடம் தன் பக்கம் நகர்ந்து வந்து கிணற்றையும் விழுங்கிவிட்டது என்கிறார். தீவில் நல்ல தண்ணீர்க் கிணறு என்றால் சும்மாவா? பிலோமினாவுக்கு மூன்று பிள்ளைகள், புருசன் கடலுக்குப் போகிறவர். கிணறு போனால் கோயில் கிணற்றுக்குத்தான் நடக்கவேண்டும், அரை மைலுக்கு மேல்.

ஞாயிறு பூசை முடிந்து ஊரே வேலியடியில் கூடி நின்றது. பிலோமினா கையை நீட்டிக் காட்டினார்.

"இந்த மூலையில வெட்டுங்கோ, சாமி. அப்பு தாட்ட போத்தல் அதிலதான் கிடக்குது."

முழங்கால் ஆழத்தில் போத்தல் வந்தது. உள்ளே நிறையக் கரி. சனம் பெருமூச்சு விட்டது. பிலோமினா நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். அதோடு எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும். சாமியார்தான் ஒரு முறைக்காக அதை என்னிடம் நீட்டினார். "கிளாக்கர், நீரும் ஒருக்காப் பாரும்."

கபில நிறப் போத்தல். மண்ணைத் துடைத்தேன். கோடு வாய் விளிம்பு வரைக்கும் ஏறியிருந்தது. அடியைத் திருப்பினால், சுற்றிவரப் பொடிப் புள்ளிகள். அத்தனை பேர் என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு அதுதான் முதல் தடவை.

"சாமி, இது யுத்தத்துக்குப் பிறகு செய்த போத்தல்" என்றேன்.

"அப்ப செத்த மனுசன் எழும்பி வந்தே தாட்டவர்?" என்றார் றோசம்மா.

"மடு மாதா அறிய நான் கை வைக்கேல்லை" என்றார் பிலோமினா. மூன்று தரம் சொன்னார். அன்றைக்கே வேலிக் கதியால்களைப் பிடுங்கி, கிணற்றை றோசம்மா பக்கம் விட்டு வேலியை மாற்றி நட்டார்கள். கள்ளப் போத்தல் தாட்டவள் என்ற பெயரோடு பிலோமினா குடத்தைத் தூக்கிக்கொண்டு கோயில் கிணற்றுக்கு நடந்தார். நான் சைக்கிளில் சீழ்க்கை அடித்துக்கொண்டு மன்னாருக்குத் திரும்பினேன். இதை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் சீழ்க்கை அடித்தது உண்மை.

எட்டு மாதம் போயிருக்கும். அந்தப் பிணக்குக்கு முந்தியே மறிச்சுக்கட்டிப் பக்கம் வேலைக்குப் போயிருந்த சந்தியோகு திரும்பி வந்தவர் என்னையும் ஒரு எட்டுப் பார்க்க வந்தார். அலுமாரியின் மேல் கரும்பச்சைப் போத்தலைக் கண்டதும் முகம் மலர்ந்துவிட்டது.

"நல்லாக் கழுவி வச்சிருக்கிறீங்கள். இது பிலோமினாக்கான்ர வேலியில கிடந்தது, ஐயா. எல்லை அழியப்படாதெல்லே? அதால அந்தக் கரியை அப்பிடியே ஒரு பியர் போத்தலுக்குள்ள கொட்டி, அதே குழியில வச்சு மூடிப்போட்டுத்தான் உங்களுக்கு இதைக் கொண்டந்தனான்."

வேலையைச் சுத்தமாகச் செய்த மனிதரின் திருப்தியோடு அதைச் சொன்னார். அந்தத் தகப்பனின் போத்தல் அவ்வளவு நாளும் என் தலைமாட்டில் இருந்திருக்கிறது. அதன் கரியை என் கையாலேயே கழுவி ஊற்றியிருக்கிறேன்.

அடுத்த ஞாயிறு பூசை முடிந்ததும், சந்தியோகுவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எல்லார் முன்னிலும் நடந்ததைச் சொன்னேன். வேலி அந்தக் கிழமையே பழைய இடத்துக்குப் போனது. பிலோமினா கோயில் கிணற்றிலிருந்து குடத்தோடு வரும்போது வழியில் நின்று மன்னிப்புக் கேட்டேன்.

"மன்னிச்சுக்கொள்ளுங்கோ அக்கா. போத்தலைப் பாத்துத்தான் சொன்னனான்."

அவர் குடத்தை இறக்கவில்லை.

"ஓம் தம்பி, நீங்கள் போத்தலைப் பாத்தனீங்கள். நானும் பக்கத்திலதான் நிண்டனான்."

கிணறு திரும்பக் கிடைத்தும் அவர் அதில் ஒரு வாளி அள்ளவில்லை. அக்காவோடு ஒரு சொல் பேசவும் இல்லை. எனக்கு மாற்றம் கிடைத்து மன்னாரை விட்டுப் போகும் வரைக்கும் கோயில் கிணற்றுக்குத்தான் நடந்தார். அதற்குப் பிறகு நான் ஒரு போத்தலும் சேர்க்கவில்லை.

உள்நாட்டுப் போர் முடிந்து சில வருடத்துக்குப் பிறகு ஒருமுறை தோட்டவெளிக்குப் போனேன். தென்னைகள் இல்லை. வேலி இருந்த அடையாளமும் இல்லை. கிணறு இடிந்து தூர்ந்து, அடியில் கிடந்த கொஞ்சத் தண்ணீரும் உப்பு என்றார்கள். றோசம்மா மட்டும், தொண்ணூறை நெருங்கிய கிழவியாக, யாரோ கட்டிக் கொடுத்த சிறு வீட்டில் கதிரையில் இருந்தார். என்னை அடையாளம் பிடிக்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. பிலோமினாவைப் பற்றி நான் கேட்கவில்லை, கேட்கப் பயம். அவராகவே சொன்னார்.

"சண்டைக்குப் பயந்து வள்ளத்தில அக்கரைக்குப் போனனாங்கள், தம்பி. அகதி முகாமில எங்கட வரிசைக்கு ஒரு பைப்புத்தான். காலமை வாளியோட போய் நிக்கிறன், எனக்கு முன்னால அவள். திரும்பிப் பாத்தாள். என்ர வாளியை வாங்கித் தன்ர வாளிக்கு முன்னால வச்சாள்."

பிறகு பதினொரு வருடம், பிலோமினா கண்ணை மூடும் வரைக்கும், இருவரும் ஒரே கொட்டிலில் இருந்தார்களாம். அவரை எங்கே அடக்கம் செய்தீர்கள் என்று கேட்டேன்.

"அங்க முகாமடியிலதான் தாட்டது. ஒரு அடையாளமும் வைக்கேல்லை, தம்பி. இப்ப போனால், எந்த இடமெண்டு காட்ட எனக்கே தெரியாது."